ஜாப் ஒர்க் வாக்குமூலம்

சாட்பாட் என்பது நம் ஊர் ஜாப் ஒர்க் யூனிட் மாதிரி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். துணியைக் கொடுத்தால் தைத்துக் கொடுப்பார்கள். லேபிள் மட்டும் நம்முடையது. பெருமாநல்லூரில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவனுக்கு வேறெப்படித் தோன்றும்?

போன கோடையில் ஒருநாள் காலை, எம்.காம். படிக்கும் என் மகளின் கல்லூரியிலிருந்து போன். அவளுடைய ப்ராஜெக்ட்டை ஏ.ஐ. எழுதியதாக சாஃப்ட்வேர் சொல்கிறதாம், உடனே வர வேண்டுமாம். டிகிரியே போச்சு என்று பதறி, கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்போடு பைக்கை எடுத்தேன். வழியில் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அழுவாளே என்று பயந்து எடுக்கவில்லை.

கல்லூரிக்குள் நுழைந்ததும், துறைத்தலைவர் அம்மா வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

“ஏனுங்க மேடம், நம்மூர்ல ஒரு பனியன ஒரே ஆளா பண்றாங்க? நிட்டிங் ஒருத்தரு, டையிங் ஒருத்தரு, பிரிண்டிங் இன்னொருத்தரு. எம்புள்ள எழுத்து வேலைய வெளிய குடுத்துட்டா, அது ஒரு குத்தமுங்களா?”

பக்கத்தில் நின்ற மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அப்பா! சந்தேகம் மட்டுந்தான் சாட்பாட்கிட்ட கேட்டேன். எழுதுனது பூரா நானு. இப்பத்தான் மேடமே நம்புனாங்க. வர வேண்டாம்னு சொல்லத்தான் போன் பண்ணுனேன்!”

“அப்பாவே ஒத்துக்கிட்டாரேம்மா, இனி நான் என்ன பண்றது?” என்றார் மேடம்.

பிறகென்ன, ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, அவளை மதியம் வரை குடைந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். ஒருவழியாக, அவள் எழுதியதுதான் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பும்போது பைக்கில் பொங்கித் தள்ளினேன்.

“மெஷின் எழுதுச்சான்னு இன்னொரு மெஷினக் கேக்கறாங்க கண்ணு! தப்பா எழுதுனா மார்க்கு போயிரும், நல்லா எழுதுனா திருட்டுப்பட்டம். எங்க செக்கிங்ல கூட பீஸைக் கையில எடுத்துப் பாக்காம டேமேஜ்னு ஒதுக்க மாட்டோம். முதல்ல உன்ற கிட்டத்தானே கேட்டிருக்கோணும்?”

பின்னாலிருந்து ஒரே கேள்வி வந்தது.

“நீங்க கேட்டீங்களாப்பா?”

வீடு வந்து சேரும்வரை ஹாரன் அடிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை. யார்மேல் என்பதுதான் மாறிவிட்டது. சாஃப்ட்வேராவது சந்தேகம்தான் பட்டது, அவள் எழுதவில்லை என்று அடித்துச் சொன்னது நான்.