பத்துக்கு ஒன்பது பொருத்தம்

எங்கள் அத்தையின் கம்ப்யூட்டருக்கு அவசரம் என்பதே தெரியாது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து முடித்த பிறகுதான் அது கண்ணைத் திறக்கும். கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் டீக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் இடுங்கிக் கிடந்த கடை அது. வெளியே ‘கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணப் பொருத்தம்’ என்று போர்டு. மயிலம் மலைக்குச் சாமி கும்பிடப் போனவர்கள் திரும்பி வந்து பஸ்ஸுக்கு நிற்கும் இடம் என்பதால், கையோடு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ பொருத்தம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குப் பத்து வயதிருக்கும். முழுப்பரீட்சை லீவு விட்டால் எனக்கு அத்தை கடைதான் கதி. அப்பா திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். காலையில் என்னையும் அத்தையையும் திண்டிவனத்தில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கிவிடுவார், சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொள்வார். நடுவில் ஒவ்வொரு நடையிலும் படியில் தொங்கியபடி கடைக்குள் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

கடையை வைத்துக் கொடுத்தவரே அப்பாதான். அத்தை கல்யாணமாகிப் போன கொஞ்ச நாளிலேயே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று என் காதுபட யாரும் பேசியதில்லை. ஒன்று மட்டும் அடிக்கடி விழும். “பத்துக்கு ஒன்பது பொருத்தம். நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்” என்பார் அப்பா, யாரோ தன்னைக் குற்றம் சொன்னது போல. இத்தனைக்கும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியும் ஒருத்தி எப்படி ஃபெயிலாக முடியும் என்பது என் மண்டைக்கு ஏறவே இல்லை. அப்படிப்பட்டவளுக்கு அப்பா தேடிப் பிடித்த தொழிலும் பொருத்தம் பார்க்கிற தொழிலாகவே போய்ச் சேர்ந்தது. அந்த வேடிக்கையை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர். திரையில் இவ்வளவுதான் கட்டங்கள். அவற்றைத் தட்டி நிரப்புவது என் வேலை. அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது. நிரப்பி முடித்ததும் ‘கணிக்கப்படுகிறது’ என்று எழுத்து வரும், கீழே ஒரு பச்சைக் கோடு ஊர ஆரம்பிக்கும். பக்கத்துக் கடையில் டீ சொல்லி, ஆற்றிக் குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாலும் கோடு பாதியில்தான் நிற்கும். வந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள், பேசுவார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட விலைக்குப் போகாதது, மாமியாரின் கால் வீக்கம், பெரிய மகன் எழுதாத பரீட்சை என்று ஏதேதோ வரும். அத்தை ஊம் கொட்டிக்கொண்டே இருப்பாள். கோடு கடைசிக்கு வரும் சமயம் பார்த்து, சாதாரணமாக ஒன்று கேட்பாள்.

“பொண்ணாண்ட கேட்டீங்களா?”

சிலர், கேட்காமலா என்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளை வீட்டார் வந்தாலும் அதே கேள்விதான். எல்லாரிடமும் தவறாமல் கேட்கிற இந்தக் கேள்விக்குத் திரையில் ஒரு கட்டம் இல்லையே என்று எனக்கு ஒரே குறை.

அந்த வருஷம் எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்டுப் புதுக்கடை ஒன்று வந்தது. ‘இரண்டே நிமிடத்தில் ஜாதகம்’ என்று போர்டு வைத்தான் அந்தக் கடைக்காரன். பஸ் வருவதற்குள் வேலை முடிகிறது என்றால் யார்தான் எங்கள் பெஞ்சில் உட்காருவார்கள்? அப்பா படியிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நானும் அத்தையும் மட்டும் அவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் பொறுத்தவர் ஒரு நாள் வெடித்துவிட்டார்.

“இப்படியே போனா கடைய மூட வேண்டியதுதான். மூடிட்டு இன்னா பண்ணுவ? சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் உன்ன அந்த ஊட்டுக்கே அனுப்பச் சொல்லிக்கினு இருக்கான். கடைன்னு ஒண்ணு இருக்கறதாலதான் நான் அவனுங்க வாய அடைக்கறேன்.”

அத்தை எழுந்தாள். சாமி படத்துப் பூவைச் சரிசெய்தாள்.

மறுநாளே விழுப்புரத்திலிருந்து மெக்கானிக்கைத் தன் பஸ்ஸிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார் அப்பா. மெலிந்த, கலகலப்பான ஆள். பெட்டியைத் திறந்து தூசியை ஊதிவிட்டு வைத்தியர் போல உதட்டைப் பிதுக்கினார்.

“ப்ராசஸர்ன்றது சமைக்கற ஆளு அக்கா. ராம்ன்றது அடுப்பு மேடை. உங்க ஆளும் ஸ்லோ, மேடையும் சின்னது. ஒரு சட்டிய எறக்குனாதான் இன்னொண்ண வைக்க முடியும்னு இருந்தா, எப்படிக்கா சோறு வேகும்?”

ஆளை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டார் அப்பா. மேடை பத்தாது என்றார் மெக்கானிக். மேடையை மட்டும் பெரிதாக்கினால்? கொஞ்சம் தேவலாம், ஆனால் எதிர்க்கடையைப் பிடிக்க முடியாது. பேசாமல் புதிதாகவே ஒன்று வாங்கிவிட்டால்? அதற்கு நீங்கள் பஸ்ஸை விற்க வேண்டும் என்றார் அவர். “பஸ்ஸு என்னுது இல்லப்பா” என்று அப்பா வெகு சீரியஸாகப் பதில் சொன்னார். உள்ளே இருக்கும் பழைய மதர்போர்டு தாங்கும், இரண்டையும் செகண்ட் ஹேண்டில் போட்டுவிடலாம், நாளை ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் சாயங்காலம் கழற்றிக்கொண்டு போகிறேன் என்று முடிவானது.

அத்தை மட்டும் தயங்கினாள். “அவ்ளோ அவசரமா இன்னாண்ணா வேணும்?” என்றாள்.

“அவசரம் உனக்கில்லம்மா. பஸ்ஸுக்கு நிக்கறவனுக்கு” என்றார் அப்பா. கண்டக்டர் பேச்சு கண்டக்டர் பேச்சுதான்.

நான் முழுக்க அப்பா கட்சி. ஜாதகம் சீக்கிரம் முடிந்தால் மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட அத்தை விடுவாள் அல்லவா?

மெக்கானிக் அன்று மாலையே இரண்டையும் மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் சுவிட்சைப் போட்டதும், அத்தை துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்குள் திரை தயாராகிவிட்டது. எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. காலையில் வந்த இரண்டு பேரும் டீக்கூடச் சொல்லவில்லை. தாளை வாங்கினார்கள், பஸ் ஏறினார்கள். அப்பா படியில் நின்று என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வெயில் ஏறியபோது மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நெற்றி நிறைய விபூதி. முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்று மகளுடையது, ஒன்று பார்த்திருக்கும் மாப்பிள்ளையுடையது. நான் தட்டினேன். பச்சைக் கோடு வந்ததையே நான் பார்க்கவில்லை.

“பத்துக்கு ஒன்பது!” என்று கத்தினேன்.

“முருகா!” என்று மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார் அந்த அம்மா. பிரிண்டர் கத்தி முடித்ததும் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அதற்குள் திண்டிவனம் போகும் பஸ் வந்துவிட்டது. அப்பாவின் பஸ்தான். அந்த அம்மா தாளை மார்போடு பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிட்டார். அத்தை ஏதோ கேட்க வாயைத் திறந்தவள் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு திடீரென்று எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் ரோட்டில் இறங்கி ஓடினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்பது வாங்கியவரை எதற்குத் துரத்துகிறாள்? நானும் பின்னால் ஓடினேன்.

“அண்ணா, நிறுத்து!” என்று பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினாள். அப்பா விசில் அடித்து நிறுத்தினார். அத்தை உள்ளே ஏறினாள், நான் படியில் தொற்றிக்கொண்டேன்.

“இன்னாம்மா, காசு குடுத்துட்டனே?” என்று அந்த அம்மா பதறினார்.

“காசு இல்லக்கா. ஒண்ணு கேக்காம உட்டுட்டேன்.” அத்தைக்கு மூச்சு வாங்கியது. “பொண்ணாண்ட கேட்டீங்களா?”

என்ன பேஜாரு இது, ஜல்தி எடுங்கப்பா என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். அந்த அம்மா தாளைப் பார்த்தார். “அவளாண்ட இன்னாம்மா கேக்கறது? அதான் ஒன்பது இருக்குதே.”

“எனக்கும் ஒன்பது இருந்துதுக்கா” என்றாள் அத்தை. “என்னாண்ட ஒருத்தரும் கேக்கல.”

சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்த அம்மா தாளை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு குரல் இறங்கி, “நேத்துலேர்ந்து சோறு துன்னாம குந்திக்கினு இருக்குதும்மா. வெக்கப்படுதுன்னு நெனச்சிக்கினேன்” என்றார். தாளை நாலாக மடித்து முடிச்சில் வைத்துக்கொண்டு, “போயிக் கேக்கறேன்” என்றார்.

நாங்கள் இறங்கிவிட்டோம். பஸ் நகரவில்லை. போலாமா, போலாமா என்று டிரைவர் இரண்டு முறை கேட்டும் அப்பா விசில் அடிக்க மறந்து நின்றார்.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார், அப்பாவும் வந்தார். அத்தை பேச ஆரம்பிப்பதற்கு முன் அப்பா முந்திக்கொண்டார். “கழட்டிடுப்பா. பழசே இருக்கட்டும்.”

நன்றாகத்தானே ஓடுகிறது என்றார் மெக்கானிக். அத்தை அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி முயற்சியாக மெக்கானிக்கிடம், இன்னும் பெரிய ராம் போட்டால் பெண்ணிடம் கேட்டார்களா என்பதற்கும் ஒரு கட்டம் வருமா என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கடை மூடப்படவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள், நாலு வார்த்தை பேச நினைத்தவர்கள் எங்கள் பெஞ்சுக்கு வந்தார்கள். நாள்தோறும் கூட்டம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் அத்தையை யாரும் எங்கேயும் அனுப்பாத அளவுக்கு ஓடியது. அடுத்த சித்திரையில் அந்தக் குப்பத்து அம்மா மறுபடி வந்தார். இம்முறை வேறு மாப்பிள்ளையின் சீட்டு, கூடவே மகளும். அத்தை கேட்பதற்கு முன்பே அந்தப் பெண் முகம் சிவந்து, “என்னாண்ட கேட்டுட்டாங்க” என்றாள். பச்சைக் கோடு அப்போது பாதிகூட வந்திருக்கவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போன அந்தச் சாயங்காலம்தான். திரும்பும் பஸ்ஸில் அத்தை முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பா எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்து, அவள் சீட்டருகே வந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறவர் போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, என்னிடம் வந்து உட்கார்ந்தார். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். மத்தியானம் பஸ்ஸை நிறுத்தி வைத்ததில் லேட்டாகி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நாளைக்கு டிரைவர வேகமா ஓட்டச் சொல்லுப்பா. எல்லாம் சரியாயிடும்” என்றேன்.

“ம்” என்றார் அப்பா.