வள்ளி பூட்டிவைத்த ஜிப்சி

டில்லியின் கிழக்கு கிட்வாய் நகரில் வள்ளியைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் ஜிப்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஏதோ ஓர் அரசுத் துறை ஓட்டி ஓட்டி அலுத்துப்போய் ஏலத்தில் விட்ட ஜீப் வகை வண்டி அது. அமைச்சகம் ஒன்றில் யு.டி.சி. என்கிற மேல்நிலை எழுத்தராக இருந்த வள்ளி போய் எடுத்து வந்தாள். ஸ்கூட்டர்களும் சின்னக் கார்களும் சாதுவாக வரிசை கட்டி நின்ற குவார்ட்டர்ஸ் சந்தில், அது கல்யாணப் பந்தியில் புகுந்த எருமை மாதிரி நின்றது.

"ஏம்மா, ஆபீஸுக்குப் போக பஸ் இருக்கு, கோயிலுக்குப் போக ஆட்டோ இருக்கு. உனக்கு எதுக்கு மிலிட்டரிக்காரன் மாதிரி வண்டி?" என்று கேட்டார் கீழ் வீட்டுக் கஸ்தூரிரங்கன். அண்டர் செக்ரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆகி, மகன் பேரில் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர். பிளாக் சங்கத்தின் செயலாளரும் அவரே.

"மலைக்குப் போறதுக்கு சார்," என்றாள் வள்ளி. அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கம் கேட்டுத் துளைக்கிறவர்களிடம் அவளுக்கு எப்போதுமே பொறுமை கொஞ்சம் குறைச்சல்தான்.

விஷயம் இவ்வளவுதான். அவள் புருஷன் இராஜமாணிக்கம் இமயமலையில் எல்லைச் சாலை போடும் வேலையில் மேற்பார்வையாளர். வருஷ லீவு கிடைத்தால் இருவரும் சிவகங்கைக்குப் போவார்கள். அங்கே காதுகுத்து, பங்காளி வீட்டுக் கல்யாணம், வரப்புத் தகராறு என்று ஊரே அவரைப் பங்கு போட்டுக்கொள்ளும். பெண்டாட்டிக்கு என்று மிஞ்சுவது திரும்பி வரும் ரயில் பயணம் மட்டும். மகள் சுபாஷிணி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். ஆக, வள்ளிக்கு டில்லியில் துணை டிரான்சிஸ்டர் ஒன்றுதான்.

ஆனால் எப்போதாவது ஒரு சனி ஞாயிறு இராஜமாணிக்கத்தால் கர்ணப்பிரயாகை வரைக்கும் இறங்கி வர முடியும். எஸ்.டி.டி.யில் கூப்பிட்டுச் சொல்வார். வள்ளி பஸ் ஏறிப் போவாள். ஒரு மழைக்காலத்தில் அப்படிப் போனபோது வழியில் மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது. பஸ்ஸைத் திருப்பிவிட்டார் டிரைவர். வள்ளி இறங்கி நின்று பார்த்தாள். ஜீப்புகளும் ஜிப்சிகளும் மட்டும் ஆற்றோரக் கல்லுக்குள் இறங்கி, உறுமி, அந்தப் பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் எங்கேயோ அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. டில்லி திரும்பியதும் முதல் காரியமாக டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள்.

வண்டி வந்தது. கூடவே கவலையும் வந்தது. அந்த வருஷங்களில் டில்லியில் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் இருந்தால் அதுவே பெரிய விஷயம். அதிலும் ஜிப்சி என்றால் திருடர்களுக்குத் தனிப் பிரியம். காட்டுக்கும் ஓடும், மேட்டுக்கும் ஏறும், யார் வேண்டாம் என்பார்கள்? கரோல் பாக்கில் ஒரு கடைக்குப் போய்க் கியர் பூட்டு மாட்டினாள். பெட்ரோலை நிறுத்தும் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்தாள். அது எங்கே இருக்கிறது என்று புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. "போன்ல சொல்லக் கூடாதுங்க, நேர்ல வந்து கேளுங்க," என்று விட்டாள்.

ஆனால் அவளுடைய உண்மையான பூட்டு வேறு. அதை அவள் ஒரு தப்பிலிருந்து கற்றுக்கொண்டாள். ஜிப்சியின் முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு உண்டு. அதைக் கையால் திருப்பி, உள்ளே ஒரு லிவரையும் தள்ளினால் நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பலம் போகும். சேற்றுக்கும் கல்லுக்கும் அது வேண்டும், நல்ல ரோட்டில் கூடாது. புதிதில் ஒருநாள் இதை மறந்து அப்படியே சரோஜினி நகர் பக்கம் ஓட்டிப் போனாள். வளைவில் வண்டி திரும்ப மாட்டேன் என்று முரண்டு பிடித்து முனகியது. ஓரம் கட்டி, கியரில் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். நாலு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். இம்மி அசையவில்லை. வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். வள்ளிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கே நகராத வண்டி எவனுக்கு நகரும்?

அன்றிலிருந்து வண்டியை நிறுத்தியதும் ஸ்டியரிங்கைச் சுவர்ப் பக்கம் முழுக்க ஒடித்து, முதல் கியரில் போட்டு, லிவரைத் தள்ளி, கீழே இறங்கி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் குந்தி, திருகைத் திருப்புவாள். காலையில் மறுபடி குந்தித் திருப்பி விடுவிப்பாள். ஜன்னல் வழியாகப் பார்த்த கஸ்தூரிரங்கனின் மனைவி ருக்மிணி, "அந்தப் பொண்ணு தினம் ரெண்டு வேளை வண்டியைச் சேவிக்கறா," என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டாள். வள்ளி மறுக்கவில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டால் நல்லதுதானே, யாரும் வந்து நோண்ட மாட்டார்கள்.

கஸ்தூரிரங்கனுக்குத்தான் அந்த வண்டி கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. அதன் பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. டிராஃபிக் போலீஸுக்கு ஒரு மனு, நகராட்சிக்கு ஒரு மனு, இரண்டுக்கும் நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். பதில் எதுவும் வரவில்லை. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதி வைத்தது ஒருநாள் வேலை செய்யும் என்று வாழ்ந்தவர் அவர்.

அந்த ஒருநாள் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. அந்த வாரம் இராஜமாணிக்கம் கர்ணப்பிரயாகைக்கு இறங்கி வருவதாக இருந்தது. அதை விட்டால் அடுத்து பனி விழுந்து பாதை அடைத்துவிடும், பங்குனி வரைக்கும் பார்க்க முடியாது. மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டும் என்று வள்ளி அரை நாள் லீவு போட்டுவிட்டு, மாடியில் அவருக்குப் பிடித்த சீடையைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே சந்துக்குள் ஒரு கிரேன் வந்தது. முன்னால் 'டிராஃபிக்' என்று ஒரு பலகை. வெள்ளைச் சட்டையும் நீல பேண்ட்டுமாக ஒருவன், கூட இரண்டு ஆட்கள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கஸ்தூரிரங்கனுக்கு உடம்பே சிலிர்த்துப்போயிற்று. கடைசியில் அரசாங்கம் அவர் மனுவைப் படித்துவிட்டது!

"ஆயியே, ஆயியே!" என்று எழுந்து ஓடினார். எந்த வண்டி என்று அவர்கள் கேட்கவே இல்லை, அவரே காட்டிக் கொடுத்தார். வழியை மறித்த தன் ஸ்கூட்டரைத் தானே உருட்டி ஓரம் வைத்தார். "ருக்கு, இவாளுக்கு ஜில்லுனு ஜலம் கொண்டு வா!" என்று குரல் கொடுத்தார். வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொக்கியைப் பின்பக்கம் மாட்டி, ஜிப்சியின் பின் சக்கரங்களை அந்தரத்தில் தூக்கினார்கள். டில்லியில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் கார்களை இப்படித்தான் தூக்குவார்கள். முன் சக்கரங்கள் உருண்டுகொண்டே பின்னால் வந்துவிடும்.

இது வரவில்லை. கிரேன் இழுத்ததும் முன் டயர்கள் தார் ரோட்டில் தேய்ந்து, காது கிழிகிற மாதிரி கிறீச்சிட்டன. ரப்பர் பொசுங்கிப் புகை கிளம்பியது. இன்னும் வேகமாக இழுத்தார்கள். சுவர்ப் பக்கம் ஒடித்த சக்கரம் வண்டியைக் கோணலாகத் திருப்பிச் சந்தின் குறுக்கே நிறுத்திவிட்டது. கொக்கியை அவிழ்த்து முன்பக்கம் மாட்டிப் பார்த்தார்கள். இப்போது பின் சக்கரங்கள் அசைய மறுத்தன. பால்கனிக்குப் பால்கனி தலைகள் எட்டிப் பார்த்தன.

வள்ளி அடுப்பை அணைத்துவிட்டு, ஜல்லிக்கரண்டியோடேயே இறங்கி வந்தாள்.  கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம்தான் வெள்ளைச் சட்டைக்காரனைப் பார்த்து, "பையா, கௌன்ஸா சர்க்கிள்? ஆபீஸரோட நாம் போலோ," என்று, எந்த டிராஃபிக் சர்க்கிள், ஆபீஸர் பேர் என்ன எனத் தன் சிவகங்கை ஹிந்தியில் கேட்டாள்.

"மேடம், ஊபர் ஸே ஆர்டர் ஹை," என்றான் அவன், மேலிடத்து உத்தரவு என்று.

"அச்சா. அப்ப என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போ. அந்த ஊபர்கிட்டயே பேசிக்கிறேன். சலோ, ஜல்தி!"

அவன் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். மறு நிமிஷம் கொக்கி கீழே விழுந்தது, சங்கிலி தரையில் இழுபட, கிரேன் வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் சந்தைவிட்டு ஓடியது.

"ரசீதே குடுக்காம போறாளே!" என்றார் கஸ்தூரிரங்கன். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. முகம் வெளுத்து, ஸ்கூட்டர் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "திருடனுக்கா நான் ஜலம் குடுத்தேன்?"

ஸ்டேஷனுக்குத் தகவல் போய், அந்தப் பக்கம் ரோந்து பார்க்கும் ஹெட் கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்தார். டயர்த் தடத்தைப் பார்த்தார், கியர்ப் பூட்டைப் பார்த்தார், வள்ளியை மரியாதையோடு பார்த்தார். அப்புறம் ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னார். புகார் எழுதினால் இந்த வண்டி வழக்குச் சொத்து. ஸ்டேஷனில் நிற்கும். கோர்ட்டு விடச் சொன்ன பிறகுதான் கைக்கு வரும். எப்போது விடுவார்கள் என்று அவரால் சொல்ல முடியாது.

வள்ளி ஜிப்சியைத் திரும்பிப் பார்த்தாள். திருடனிடமிருந்து காப்பாற்றியாயிற்று, இப்போது சட்டத்திடமிருந்து காப்பாற்ற வேண்டுமா?

"அப்ப நான் எழுதலை. திங்கக்கிழமை நானே வண்டியைக் கொண்டுவந்து விடுறேன், எத்தனை நாள் வேணும்னாலும் வச்சுக்கங்க. நாளைக்கு இது மலைக்குப் போகணும்," என்றாள்.

கஸ்தூரிரங்கன் அதற்குள் பேனாவும் தாளுமாக எழுந்து வந்திருந்தார். "அது எப்படிம்மா? நாம எழுதாம விட்டா இவா நாளைக்கு இன்னொருத்தர் வண்டியைத் தூக்குவாளே?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.  "சார், அவரைப் பாத்து நாளாச்சு. இதை விட்டா பங்குனிதான்," என்று மட்டும் சொன்னாள். காலனியில் யாரிடமும் அதுவரை சொல்லாதது அது.

கிழவர் பேனாவை மூடினார், திறந்தார். "சரி. வண்டி உன்னோடது. பாத்த கண்ணு என்னோடது. போலி கிரேன் ஒண்ணு வந்தது, மூஞ்சி இப்படி, நம்பர் இதுன்னு நான் என் பேர்ல எழுதறேன். அதுல உன் வண்டி எதுக்கு?" என்று ஹெட் கான்ஸ்டபிளைப் பார்த்தார். அந்த மனிதர் மீசையைத் தடவி, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, தாளுக்காகக் கையை நீட்டினார். வள்ளிக்குக் கஸ்தூரிரங்கன் மேல் அன்றுவரை இருந்த எரிச்சலெல்லாம் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் தேய்ந்த டயர்களை மாற்றக் கரோல் பாக் போனபோது அவரும் கூடவே ஏறிக்கொண்டார், செய்த பாவத்துக்குப் பரிகாரமாம். போகும்போதும் வரும்போதும் கைப்பிடியை விடவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கர்ணப்பிரயாகைப் பாலத்தைத் தாண்டியதும் இராஜமாணிக்கம் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். கழுத்துவரை மப்ளர், போன தடவையைவிடக் கறுத்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். "என்ன புள்ள, முன்னாடி ரெண்டும் புது டயரு?"

வள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். இராஜமாணிக்கம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அவிங்க கையில வேற ஏதாவது இருந்திருந்தா? போலீஸ்லயே வண்டியை விட்டிருக்கலாம்ல வள்ளி. ஒரு தடவை பாக்காட்டி என்ன? நான் பங்குனி வரைக்கும் இருந்திருப்பேன்."

"நீங்க இருந்துருவீங்க," என்றாள் வள்ளி. "என்னாலதான் முடியாது."

 அத்தனை பேர் பார்க்கும் கடைத்தெருவில், சிவகங்கைப் பக்கத்தில் கனவிலும் செய்யாத காரியமாக, அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.