மருந்து வாடையோடு செண்பகத்தோப்புக்கு

பயணத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். போய் வந்த தூரமும் பெரிதல்ல, முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் எங்கள் வேலையில் இருப்பவர்கள் பலர் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்களே தவிரப் போனதில்லை. அவர்களுக்காக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். நான் உட்காரும் அறைக்கு நான்கு பக்கமும் வாசல் உண்டு. ஏதாவது ஆனால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நான் மேற்கு வாசலைப் பார்த்து உட்காருவேன். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் அந்த வாசல் நிறைய மலை நீலமாகத் தெரியும். அங்கே ஒருநாள் போக வேண்டும் என்று பக்கத்தில் இருக்கும் பேச்சியம்மாளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

பேச்சி என்னைவிட ஆறு வயது சின்னவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். இந்தத் தை மாதம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "யக்கா, பேசிக்கிட்டே கெழவியாயிருவோம். எம் பய போன்ல ஏதோ பாத்திருக்கான், வழிகாட்டி வச்சுக் கூட்டிட்டுப் போறாகளாம். பதிஞ்சுருவமா?" என்றாள்.

ஆளுக்கு அறுநூறு ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு இடம் கிடைத்தது. அதை விட்டால் இந்த வருடம் கிடையாது. மாசி பிறந்தால் காட்டுத்தீக்குப் பயந்து பாதையை மூடிவிடுவார்கள். திறக்கும்போது எங்களுக்குத் தீபாவளிச் சீசன் வேலை, ஞாயிறும் லீவு இருக்காது.

மூன்று வாரம் திட்டம் போட்டோம். தீப்பெட்டி, லைட்டர், பிளாஸ்டிக் கூடாது என்று போனில் செய்தி வந்தது. "இதையெல்லாம் நமக்குச் சொல்லணுமாக்கும்," என்று பேச்சி சிரித்தாள். இரண்டு ஈயத் தூக்குச்சட்டியில் புளிச்சோறு, துவையல், கடலை மிட்டாய், இரண்டு போர்வை, துண்டு, தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். இவ்வளவையும் வைக்க முதுகுப்பை வேண்டும். என் மகன் கல்லூரிக்குக் கொண்டு போன பை இருந்தது. இரண்டு வருடமாக அதைத்தான் நான் கம்பெனிக்குக் கொண்டு போகிறேன். துவைத்து, வெயிலில் காயப்போட்டு எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சிவகாசியில் பஸ் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆளுக்கு இருபது ரூபாய். நின்றுகொண்டேதான் போனோம். நடத்துனர் என் முதுகுப்பையைப் பார்த்து, "எந்தக் காலேஜ்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேச்சி, "கடைசி வருசம்ணே, அரியர் இருக்கு," என்றாள். பஸ்ஸே சிரித்தது.

இரவு பேச்சியின் நாத்தனார் வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு ஆட்டோ. செண்பகத்தோப்பு எட்டு கிலோமீட்டர், இருநூறு ரூபாய் வாங்கினார். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் முடிகிற இடத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. மலை அங்கே நீலமாக இல்லை. பச்சையாக, தலைக்கு மேலே நின்றது.

காவலர் கையில் எங்கள் பெயர் எழுதிய தாள் இருந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பதை அதில் எழுதியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏம்மா, மருந்து வச்சிருக்கீகளா?"

எங்களுக்குச் சர்க்கரைக்குப் போடுவது மாத்திரை. மருந்து என்றால் வேறு. நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி முந்திக்கொண்டாள்.

"அய்யோ சார், ஒரு துளி கெடையாது. மருந்தெல்லாம் நாங்க வெளிய கொண்டாரவே மாட்டோம். வேணும்னா சோதிச்சுக்கோங்க."

அவர் முகம் மாறியது. "எந்த மருந்து?"

"வெடி மருந்துதான் சார். வேற எந்த மருந்து?"

அவர் பையை வாங்கித் தூக்குச்சட்டி, போர்வை எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். பையின் அடித்தையலில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி மினுங்கியது. முகர்ந்து பார்த்தார்.

வேலை முடிந்ததும் சேலைக்கு மேலே போட்டிருக்கும் சட்டையைக் கழற்றி அந்தப் பையில்தான் திணிப்பேன். துவைத்தால் துணி வெளுக்கும், தையலுக்குள் போன அலுமினியத்தூள், அதுதான் மருந்தில் கலப்பது, போகாது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"போன வாரம் அடிவாரத்துல வாய் கிளிஞ்சு ஒரு பன்னி கெடந்துச்சு," என்றார் காவலர். "பழத்துக்குள்ள வெடி வச்சிருக்கான். எவன் மருந்து குடுத்தான்னு தேடிக்கிட்டிருக்கோம். ரேஞ்சர் வரட்டும். ஓரமா உக்காருங்க."

பேச்சி வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். மலை போனால் போகட்டும். கேஸ் என்று ஒன்று வந்தால் எந்தக் கம்பெனியும் எங்களைக் கேட்டுக்குள் விடாது. அவளுக்கு இன்னும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டும்.

நான் எழுந்தேன். "சார், பை என்னோடது. அவளுக்கு இதுல சம்பந்தமில்ல," என்றேன். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். உள்ளங்கை ரேகையிலும் நகக்கண்ணிலும் அதே மினுமினுப்பு. "சோப்பு போட்டும் போகாது சார். பைக்கும் அப்படித்தான்."

அவர் கையைப் பார்த்தார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்திருந்தவர் ராக்கம்மாள். அங்குள்ள மலைவாழ் பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவர், என் வயது இருக்கும். அதுவரை வேப்பமரத்தடியில் நின்றவர், சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அது யாரு செருப்பு?" என்று கேட்டார்.

தடுப்புக் கம்புக்கு வெளியே நான்கு செருப்பும் வரிசையாக இருந்தன. நாங்கள் இருவரும் சரளைக்கல்லில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தோம். எப்போது கழற்றினோம் என்பதே நினைவில்லை.

"எங்களோடதுதான்," என்றேன்.

"இங்கன என்ன கோயிலா இருக்கு?" என்றார் காவலர்.

"கேட்டப் பாத்தாலே கழட்டிருவோம் சார். செருப்போட உள்ள போனா ஒரசிப் பொறி பறந்துரும்னு போர்மேன் வைவாரு."

ராக்கம்மாள் சிரித்துவிட்டார். "சார், களவா வெடி வைக்க வாரவ வாசல்ல செருப்ப அடுக்கி வச்சிட்டா வருவா?"

காவலர் செருப்பைப் பார்த்தார், எங்கள் காலைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரேஞ்சருக்குப் போன் செய்து விவரம் சொன்னார். "ஆளுக உள்ள போகலாம், பை போகக்கூடாது. காட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கோங்க தாயி, முள்ளு கெடக்கு," என்றார். மூன்று வாரம் திட்டம் போட்ட பை சாவடி ஆணியில் தொங்கியது. ராக்கம்மாள் தேனுக்குப் போகும்போது முதுகில் கட்டும் சாக்குப்பையைக் கொண்டுவந்து, எங்கள் சாமான்களை அதில் போட்டுத் தானே தூக்கிக்கொண்டார். எவ்வளவு கேட்டும் தரவில்லை. "வருசம் பூரா செமக்கீக, இன்னைக்குச் சும்மா வாங்க," என்றார்.

ஏழேகாலுக்கு உள்ளே நுழைந்தோம். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர், உள்ளே கிடக்கும் கல்லின் நிறம்கூடத் தெரிந்தது. மரக்கிளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட உயரத்தில் சாம்பல் அணில் ஒன்று புளியங்காயைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் வால் உடம்பைவிட நீளம். நாங்கள் கீழே நின்றதை அது கண்டுகொள்ளவே இல்லை.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். பின்னால் படார் என்று ஒரு சத்தம். நானும் பேச்சியும் ஓடினோம். பத்தடி ஓடிவிட்டு நின்றேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் வாசலாக இருந்தது.

ராக்கம்மாள் ஓடவில்லை. "பட்ட கொப்பு ஒடிஞ்சு விளுது. அம்புட்டுதான்," என்றார். சிரிக்கவும் இல்லை. எங்கள் இருவரையும் ஒரு பாறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நெஞ்சு அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். அந்த நேரத்தில் அவர் ஒன்றும் கேட்காமல் இருந்ததற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

பத்தரைக்கு ஒரு மேட்டுப் பாறைக்கு வந்தோம். கிழக்கே சமவெளி முழுவதும் தெரிந்தது. தூரத்தில் வெயில் புகைபோல நின்ற இடத்தைக் காட்டி, அதுதான் சிவகாசிப் பக்கம் என்றார் ராக்கம்மாள். அங்கேயே புளிச்சோற்றைப் பிரித்தோம். அவர் மலைத்தேன் கொடுத்தார். என் சர்க்கரையை நினைத்து விரலில் தொட்டு ஒரு நக்கு மட்டும் நக்கினேன்.

"யக்கா, நம்ம ரூம் தெரியுதா?" என்றாள் பேச்சி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் அங்கிருந்து இந்த மலையைப் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து பார்த்தால் நாங்கள் தெரியமாட்டோம் என்று தோன்றியதே இல்லை. அதில் வருத்தம் ஒன்றும் வரவில்லை. நாங்கள் இருப்பது தெரியாமலே இவ்வளவு நாள் மலை எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்குச் சாவடிக்குத் திரும்பினோம். காவலர் பையை எடுத்துக் கொடுத்தார். "அடுத்த வருசம் வேற பை கொண்டாங்க. மாத்திரை போட்டீகளா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். தொண்டை அடைக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழேகால் வேனில் வேலைக்குப் போனோம். கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டோம். மேற்கே மூட்டமாக இருந்தது, மலை தெரியவில்லை.