துடுப்புக்கு ஆள் தேடின காலம்

தங்கச்சிமடத்துல அன்னைக்கு நல்ல கொண்டல் காத்து... பேனரோட ஒரு பக்கக் கயிறு அறுந்து படபடன்னு அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு. ஹால்ல அந்தச் சத்தம் மட்டும்தான்.

வகுப்புக்குப் போட்ட நாற்காலி எல்லாம் காலி.

அருள் என் காலேஜ் நண்பன். மீன்பிடிக் குடும்பம். சென்னை வேலையை விட்டுட்டு வந்து, சொந்தமா ஒரு புரோகிராமிங் லாங்குவேஜ் உருவாக்கியிருந்தான். பேரு ‘துடுப்பு’. அதுல கோட் எழுதினது அவனும் நானும்தான். நானும் நட்புக்காகத்தான் எழுதினேன்.

"இன்னைக்கு ஒரு ஆளாவது இதைக் கத்துக்கலைன்னா, மறுபடி வேலைக்கே போறேன்லே"ன்னு காலையிலயே சொல்லிட்டான். விளையாட்டுக்குச் சொல்லல.

போஸ்டர், வாட்ஸ்அப், காலேஜ் நோட்டீஸ் போர்டுன்னு ஒரு இடம் விடல நாங்க. ஆனா தேதி குறிச்ச மகராசன், போட்டெல்லாம் கரை திரும்புற நாளாப் பாத்துக் குறிச்சு வச்சிருந்தான். கடற்கரையிலயே பொறந்து வளந்தவன்... கோடிங்குக்குள்ளயே கிடந்ததுல அதையே மறந்துட்டான். ஊர்ப் பிள்ளைங்க பூராம் இறால் பிரிக்கப் போயிருச்சுங்க.

"வாலே, அங்கனயே போவோம்"னு லேப்டாப்பைத் தூக்கினான்.

கரையில ஒரு ஐஸ் பெட்டி மேல வச்சுத் திறந்தோம். பாலிடெக்னிக் படிக்கிற ஜெனிபர்தான் முதல்ல எட்டிப் பாத்துச்சு.

"அண்ணே, இது என் போன்ல ஓடுமா? கடலுக்குள்ள டவர் இருக்காது."

"ஓடும்மா. நெட்டே வேணாம்."

எங்க பக்கம் கடலுக்குப் போறதுக்கு ஒரு நாள் விசைப்படகு, மறுநாள் நாட்டுப்படகுன்னு முறை. அடுத்து எந்தெந்த நாள் நம்ம முறைன்னு ஜெனிபரோட அப்பா கேட்டுக்கிட்டே இருப்பாராம். துப்பட்டாவுல கையைத் துடைச்சிட்டு, அருள் சொல்லச் சொல்ல, அந்த நாளைக் கணக்குப் பண்ணிச் சொல்ற கோடையே எழுதுச்சு. சில வரிதான். ஓடுச்சு.

அருள் கடலையே பாத்துக்கிட்டு இருந்தான்.

இப்ப நான் பெங்களூர்ல இதே வேலைதான் பாக்குறேன்... ஒரு கம்பெனியோட லாங்குவேஜைப் பரப்புறது. ஏசி ஹால், டி-ஷர்ட், பிரியாணி. கூட்டம் அள்ளும். வீட்டுக்குப் போய் ஒரு வரி எழுதுவாங்களான்னா, சந்தேகம்தான்.

துடுப்பு ஒண்ணும் பெருசா வளரல. ஒரு சின்ன வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான். போன வாரம் அதுல ஒருத்தர் சந்தேகம் கேட்டாரு. அருள் டைப் பண்றதுக்குள்ள, வேற யாரோ தெளிவா பதில் போட்டுட்டாங்க.

உடனே எனக்குப் போன்.

"ஏலே, யாருலே அது?"

"தெரியலயேடா."

"எனக்கும் தெரியல... அப்ப, இனி நான் இல்லாட்டியும் ஓடும் போல."