கையெழுத்திட மறுத்தவர்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், திருச்சியில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நிகழ்ந்தது இது. நான் அப்போது கல்லூரியில் பொருளாதார விரிவுரையாளன். மண்ணச்சநல்லூரில் நெல் வியாபாரம் செய்த குடும்பத்தவன். நான் மணக்கவிருந்தவளோ ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்த பள்ளி ஆசிரியை. இரு வீட்டாரும் இசையவில்லை. ஆகவே சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்தோம். அந்தத் தாள் முப்பது நாள் அலுவலகப் பலகையில் இருந்தது. காவிரிக்கு அக்கரையிலிருந்த அவள் தந்தையின் கண்ணில் அது படவில்லை.

அன்று காலை, “இன்று எனக்குப் பதிவுத் திருமணம்” என்று கடிதம் எழுதி வைத்துவிட்டு, பள்ளிக்குப் போவதுபோல் பஸ் ஏறி வந்திருந்தாள். மாலைக்குள் தந்தை அதைப் படித்துவிடுவார். இனி அவள் திரும்பிச் செல்ல வீடு இல்லை.

அலுவலகத்தில் அதிகாரியின் நாற்காலி காலியாக இருந்தது. அவசர வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தார். பொறுப்பில் இருந்தவர் தலைமை எழுத்தர். ஐம்பது வயது இருக்கும். எங்கள் காகிதங்களைப் பொறுமையாகப் படித்தார், கோப்பை மூடினார்.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்க, சார்.”

“இன்னிக்கு நீங்கதானே பொறுப்பு?”

“பத்திரத்துக்குப் பொறுப்புங்க. கல்யாணத்துக்கு இல்லை. அதுக்கு கெஜட்டுல போட்டு நியமிச்ச அதிகாரி அவர்தான். என்னை யாரும் நியமிக்கலை. திங்கக்கிழமை வந்துடுவார்.”

நான் வாதாடினேன். சட்டத்தின் நோக்கம் என்ன, நிர்வாகத்தில் பொறுப்பு என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவரது தயக்கம் குமாஸ்தாவின் பயம் என்று பொருள்படும்படியும் ஏதோ சொன்னேன். அவர் மேஜை முத்திரையை நேராக்கி வைத்தார். சாட்சிகளாக வந்திருந்த என் சக விரிவுரையாளர் இருவரில் ஒருவர் சூழ்நிலையை இலேசாக்க முயன்றார்.

“கிரயப் பத்திரம்னு நினைச்சுப் போட்டுடுங்களேன். சொத்து கைமாறத்தானே போகுது!”

“வயலா இருந்தா போட்டிருப்பேன் சார். நாளைக்குத் தப்பு வந்தா வயல் அழாது.”

அவள் எழுத்தரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “நீங்க கையெழுத்துப் போட்டா, பின்னால யாராவது இது செல்லாதுன்னு சொல்லலாமா?”

“சொல்லலாம்மா. சொல்லுவாங்க.”

“அப்போ வேண்டாம்,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “திங்கட்கிழமை வரைக்கும் நான் எங்கே இருக்கறதுன்னு மட்டும் யோசியுங்கோ,” என்றாள்.

அதற்கு என் படிப்பில் விடை இல்லை. நான் இருந்தது ஆண்கள் மட்டும் தங்கும் விடுதி. மூன்றாம் சாட்சியாக வந்திருந்த அவள் தோழியின் வீடோ, அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உறையூர்ல என் வீடு. சம்சாரமும் ரெண்டு பொண்ணுங்களும் இருக்காங்க. இந்தம்மா அங்க இருக்கட்டும்.”

நன்றி சொல்லி, மாலையில் வந்து பார்ப்பதாகக் கூறினேன்.

“நீங்க வரக் கூடாதுங்க. திங்கக்கிழமை வரைக்கும் நீங்க வெளியாள்.”

அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

திங்கட்கிழமை அதிகாரி வந்துவிட்டார், தோழி வரவில்லை. செய்தி பரவி, தோழியை அவள் வீட்டார் வெளியே விடவில்லை. மூன்று சாட்சிகள் வேண்டும், இருந்தவர்கள் இருவர். நான் செய்வதறியாது நிற்க, எழுத்தர் பேனாவைத் திறந்தபடி வந்தார். “சாட்சிக்குக் கெஜட் வேண்டாமே, சார்.”

இரண்டு மாதம் கழித்து, அவள் தந்தை ஒரு வழக்கறிஞருடன் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். கடிதம் எழுதிய வெள்ளிக்கிழமையன்று அதிகாரி ஊரில் இல்லை என்பதை எப்படியோ விசாரித்து அறிந்திருந்தார்கள். நான் சான்றிதழை நீட்டினேன். வழக்கறிஞர் தேதியை இரு முறை படித்தார். அதிகாரியின் கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்தார்.

“திங்கட்கிழமைன்னா இருக்கு! இதுல ஒண்ணும் பண்ண முடியாது, ஸ்வாமி.”

அவள் தந்தை படியிறங்கினார். மறுநாளே நான் எழுத்தரிடம் சென்று, அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “நீங்க இங்கிலீஷ்ல பேசினீங்க. எனக்குப் பாதிதாங்க புரிஞ்சது,” என்றார். முழுவதும் புரிந்திருந்தது என்பதை அவர் முகம் சொன்னது.

சென்ற மாதம் என் மனைவி காலமானாள். அவளது ஓய்வூதியம் தொடர்பான அலுவலகத்தில் திருமணத்துக்குச் சான்று கேட்டார்கள். மடிப்பில் நைந்துபோன அந்தத் தாளைக் கொடுத்தேன். பெண் அலுவலர் ஒருவர் வாசித்துவிட்டு, “சரியா இருக்குங்க ஐயா,” என்று திருப்பித் தந்தார். அவள் பெயருக்கும் என் பெயருக்கும் கீழே, மூன்றாம் சாட்சியின் இடத்தில், அந்த எழுத்தருடைய கையெழுத்து இன்னும் மங்காமல் இருக்கிறது. தமக்கில்லாத அதிகாரத்தை அந்த வெள்ளிக்கிழமை அவர் எனக்காக எடுத்துக்கொள்ளாததால்தான், அவளை இழந்துவிட்ட இந்நாளிலும் அவள் என் மனைவி என்பதை நான் எவரிடமும் வாதாடி நிறுவ வேண்டியிருக்கவில்லை.