மகளின் காலை நீவிய கை

ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்குச் சபையில் உங்கள் முன் நிற்கிறேன். நான் சொன்ன பொய்.

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூச விடுமுறைக்கு மறுநாள், என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். பத்து வாரம் கழித்துக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: எலும்புக்கு வேண்டிய சத்து கடைசி மூன்று மாதத்தில்தான் தாய் வயிற்றில் பிள்ளைக்குச் சேரும், இவளுக்கு அது கிடைக்கவில்லை, மருந்தை விடாதீர்கள், மெதுவாகத் தூக்குங்கள்.

மருந்தை விடவில்லை. ஆனால் நம் ஜெபக்குழு சகோதரி ஒருவர், "எண்ணெ போட்டு நல்லா நீவுங்க சிஸ்டர், இல்லன்னா கால் வளைஞ்சிடும்" என்றார். நம் வீடுகளில் எல்லாப் பிள்ளைக்கும் செய்வதுதானே. குளிப்பாட்டும்போது இரண்டு காலையும் குறுக்கே மடக்கி இழுத்து விட்டேன். மூன்றாம் நாள் இடது கால் வீங்கியது, அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்பு முறிந்திருந்தது. யார், என்ன செய்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பயம். என் கணவர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர், பெரிய உருவம், கடுகடுத்த முகம். சந்தேகம் அவர் மேல் போனது. சமூகநல அதிகாரி வந்தார். பிள்ளையை அவர் தொடக்கூடாது என்றார்கள். "நான் என்ன பண்ணேன்? நீயாவது சொல்லு லா" என்று என்னிடம் கேட்டார். நான் கழிப்பறைக்குள் போய், "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் எலும்பைக் கூட்டிவிடும்" என்று அழுதேன். அதெல்லாம் ஒரு ஜெபமா?

ஆஸ்பத்திரிக்குப் போன நான்காம் நாளும் அதே ஜெபத்தை ஆரம்பித்தேன். வார்த்தை வரவில்லை. முதலில் போய் உண்மையைச் சொல் என்று உள்ளத்தில் உறுதியாகப் பட்டது. நேராக டாக்டரிடம் போனேன். "நான்தான் டாக்டர், கால இழுத்து விட்டேன்" என்றேன். அவர் ரத்தப் பரிசோதனை செய்து, படங்களைத் திரும்பப் பார்த்தார். மற்ற எலும்புகளும் மெலிந்துதான் இருந்தன. இவளுக்கு எலும்பு முறிய அந்த இழுப்பே போதும் என்றார். விசாரணை முடிந்தது. மருந்தின் அளவை மாற்றினார்கள். கட்டுப் போட்ட கால் ஆறு வாரத்தில் கூடியது. இன்று அவள் இந்தச் சபைக்குள் ஓடுகிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அந்த நாட்களில் உங்களில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பனே அடித்துவிட்டான் என்று மட்டும் பேசினீர்கள். அந்தக் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் உங்களை அப்படிப் பேச விட்டது என் மௌனம்தான்.

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபியுங்கள், கர்த்தர் கேட்கிறார். எனக்காகவும் ஜெபியுங்கள். குளிப்பாட்டுவதற்காக மகளை என் கையில் கொடுக்கும்போது, என் கணவர் இன்றைக்கும் ஒரு கணம் தயங்குகிறார்.