அழகுமலையின் சீப்பு

வண்டியைக் கிளப்பும் முன் அழகுமலை சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுக்கிறார். தலை வாருவதற்கு அல்ல. வார அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சீப்பின் முனையால் டேஷ்போர்டு பெட்டியை நெம்பித் திறந்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார். டிஷ்யூ, பேரீச்சம்பழம், கஃபீலின், அதாவது முதலாளியின், மூக்குக்கண்ணாடி. "கலாஸ், ஒண்ணும் இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்ட பிறகுதான் சாவி திரும்பும்.

ஓமானின் சலாலாவில் வெகுகாலமாக ஒரே வீட்டுக்கு டிரைவர். சிவகங்கைச் சீமை மீசை. எதிரே வருகிறவன் தானாக ஒதுங்குவான். அவர் மனைவி உமாராணியைக் கேட்டால் வேறு கதை. "மீசையப் பாத்து ஏமாந்துராதீக. கரப்பான்பூச்சியக் கண்டா கட்டில் மேல ஏறி நிப்பாக."

கஃபீல் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. ராணுவம் கழித்துவிட்ட பழைய கைத்துப்பாக்கி ஒன்றை முறையாக லைசென்ஸ் எடுத்து வாங்கி வைத்திருக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னது. வம்பே அதில்தான். மூக்குக்கண்ணாடியை மறப்பதுபோல அதையும் மனிதர் கண்ட இடத்தில் மறந்து வைத்துவிடுவார். "லைசென்சு அவரு பேர்ல. எங்கிட்ட இருந்து புடிச்சா ஜெயிலு எம்பேர்ல" என்பார் அழகுமலை. சட்டத்தை அவர் எங்கே படித்தார்? வேற்றுநாட்டான் அதைத் தொடக்கூடாது என்பது மட்டும் மனப்பாடம்.

போன வெள்ளிக்கிழமை கஃபீலை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனார். மறுநாள் இவருக்கே லீவு. மகள் அகிலாவின் கல்யாணத்துக்கு ஊருக்குப் பயணம், டிக்கெட் கையில். அந்தக் குஷியில் அன்று சீப்பை எடுக்கவே மறந்துபோனார், பாவம். மண்டப வாசலில் கஃபீலை இறக்கிவிட்டு, முகம் துடைக்க டிஷ்யூவுக்காகப் பெட்டியைத் திறந்தார். நல்லவேளை, துப்பாக்கியில் விரல் படுவதற்குள் கண் பட்டுவிட்டது.

 ஓட்டிப்போனால் வழியில் போலீஸ் நிறுத்தலாம். விட்டுவிட்டு நகர்ந்தால் எவனாவது எடுத்துவிடுவான். எப்படி மாட்டினாலும் நாளைய விமானம் இவரை விட்டுவிட்டுத்தான் பறக்கும். உடனே கஃபீலுக்குப் போன் போட்டார்.

"அரே, குச் நஹி! ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டுபோ" என்று இந்தியில் சிரித்தார் கஃபீல்.

இத்தனை காலத்தில் முதலாளியிடம் மறுத்துப் பேசியறியாதவர் அழகுமலை. அன்று கத்தியே விட்டார்: "மாஃபி, முடியாது பாபா! நாளைக்கு எம்மக கல்யாணத்துக்குப் போகணும் பாபா! நீங்களே வந்து எடுத்துக்கிருங்க, யல்லா, சீக்கிரம்!"

தமிழ் புரியாவிட்டாலும் அந்தக் குரல் புரிந்திருக்க வேண்டும். அத்தர் மணக்க, முணுமுணுத்தபடி கஃபீல் வெளியே வந்தார். அழகுமலை சீப்பால் பெட்டியைத் திறந்துவிட்டுச் சட்டென்று வண்டியை விட்டு இறங்கினார்.

கஃபீல் குனிந்து துப்பாக்கியை எடுத்து அங்கிக்குள் செருகும்போது, தூறலில் விருந்தாளிகள் அத்தனை பேரும் பார்க்க, அழகுமலை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி நின்றார். முதலாளி மண்டபத்துக்குள் மறையும்வரை இறக்கவில்லை. வலது கையில் சீப்பு.